அறுநூற்றுப் பதினொரு வரிகள்

கல்லூரிக் கணினி அறையில் முதல் மாதம் முழுக்க நான் படித்தது சிவப்பு எழுத்தைத்தான். பி.எஸ்சி. புள்ளியியல், இரண்டாம் வருஷம். அதுவரைக்கும் கணக்கையெல்லாம் நோட்டில் போட்டுக்கொண்டிருந்த எங்களை அந்த வருஷம்தான் மென்பொருளில் போடச் சொன்னார்கள். காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் மென்பொருள். திறந்தால் வெள்ளைத் திரை, அதில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டுத் துடிக்கும். நாம் ஒரு வரி எழுதி என்டர் தட்ட வேண்டும். ஒரு கமா விட்டுப்போனால் சிவப்பில் திட்டும். அடைப்புக்குறியை மூட மறந்தால் திட்டவும் செய்யாது. ஒரு கூட்டல் குறியைப் போட்டுவிட்டு நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. சிவப்பு வந்தால் தப்பு, வராவிட்டால் சரி. இதைவிடக் கேடுகெட்ட நம்பிக்கை எதையும் நான் இதுவரை வைத்திருந்ததில்லை.

என் பெயர் பொன்னாயி. ஊர் கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் வளைவெல்லாம் சுற்றி இறங்கி, காரவள்ளி தாண்டி, வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போய்ச் சேர்வேன். பாதி வளைவுவரை தூக்கம். மீதி வளைவுக்கு அன்றைக்குப் போட வேண்டிய கட்டளைகளை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்துக் கணினி அம்சவேணியுடையது. கீழ்நாட்டுக்காரி, வாய் சும்மா இருக்காது. முதல் நாளே, "ஏன்டி, இந்தக் காலத்துல பொன்னாயின்னு எப்படிடி பேர் வெச்சாங்க?" என்று கேட்டவள்.

எங்கள் வழக்கத்தை அவளுக்குச் சொன்னேன். எங்கள் பங்காளிகள் எல்லாருக்கும் குலசாமி பொன்னாயி. வீட்டுக்கு மூத்தது பெண் என்றால் அந்தப் பெயர்தான். மூத்தது பையன் என்றால் தாத்தாவின் பெயர். ஒரு தாத்தாவுக்கு மகன்கள் மூன்று பேர் இருந்தால் ஊரில் அவர் பெயரில் பேரன்கள் மூன்று பேர் திரிவார்கள்.

"அப்ப உங்க ஊர்ல பேருக்குப் பஞ்சம்னு சொல்லு" என்றாள்.

"ஊட்டைச் சொன்னா ஆள் தெரிஞ்சிரும்டி" என்றேன்.

அது நிஜம். என் அப்பா செல்லமுத்து. அப்பாவுடைய பெரியப்பா மகனும் செல்லமுத்து. அந்தச் செல்லமுத்துவின் மூத்த மகளும் பொன்னாயி, என்னைவிட நான்கு வயசு பெரியவள். அவள் வீடு மேலே, அதனால் மேலூட்டுப் பொன்னாயி; என் வீடு கீழே, நான் கீழூட்டுப் பொன்னாயி. ஊரில் யாரும் ஒருநாளும் குழம்பியதில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. நான் பெரியவளானபோது பக்கத்தில் உட்கார்ந்து பயத்தைப் போக்கியது, பன்னிரண்டாவதோடு நிறுத்தப் பார்த்த அப்பாவிடம் மல்லுக்கு நின்று கல்லூரியில் சேர வைத்தது, எல்லாம் இந்த மேலூட்டு அக்காதான். அவள் எட்டாவதோடு நின்றவள்.

ஐப்பசியில் எங்கள் நவநீதகிருஷ்ணன் சார் ஒரு பென்டிரைவோடு வந்தார். புத்தகத்தில் கொடுத்திருக்கிற பூவிதழ் அளவுகளை வைத்து எத்தனை நாளைக்குச் சராசரி எடுப்பது, நிஜமான கோப்பு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன் என்றார். மலையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ரத்தப் பரிசோதனை முகாமின் கோப்பு அது. சிக்கிள் செல் என்கிற நோய்க்கான பரிசோதனை. ரத்த அணு வட்டமாக இல்லாமல் அரிவாள்போல வளைந்து, போகிற வழியெல்லாம் அடைத்துக்கொள்ளும் நோய்.

அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் வேலம்மாள் அத்தையின் மகன் ஏழு வயசில் அதில்தான் போனான். அப்போது எங்களுக்கு அது எலும்பு நோவு. கையும் காலும் வீங்கி, கண் மஞ்சளாகி, "அம்மா எலும்புக்குள்ள கடிக்குது" என்று அவன் கத்துவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அத்தைக்கும் மாமாவுக்கும் ஒரு கேடும் கிடையாது. ரெண்டு பேர் ரத்தத்திலும் அந்தக் குறை ஒளிந்திருந்தது, அவ்வளவுதான். ஒருவரிடம் மட்டும் இருந்தால் ஆயுசுக்கும் ஒன்றும் செய்யாது. அம்மா அப்பா இரண்டு பேரிடமும் இருந்தால், பிறக்கிற பிள்ளை நாலில் ஒன்றுக்கு அந்த நோவு.

அதனால்தான் முகாம் போட்டார்கள். நானும் அக்காவும் ஒரே வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தோம்.

சார் கொண்டுவந்தது ஒரு கோப்பு அல்ல, இரண்டு. ஒன்று முகாமில் எழுதியது: ஒன்றிலிருந்து அறுநூற்றுப் பதினொன்றுவரை வரிசை எண், பெயர், அப்பா பெயர், வயசு, ஊர். இன்னொன்று கீழே ஆய்வகத்திலிருந்து வந்தது: பெயர், அப்பா பெயர், குறை உண்டு அல்லது இல்லை. இரண்டிலும் அறுநூற்றுப் பதினொரு பேர். இரண்டையும் ஒன்றாக இணைக்க வேண்டும். ரத்தம் எடுத்த குழாயில் ஒட்டிய எண்ணை வைத்து இணைத்திருக்கலாம். ஆனால் முகாம் நடந்த இரண்டு இடத்திலும் குழாய்க்கு ஒன்றிலிருந்தே எண் போட்டு, ஆய்வகத்தில் இரண்டையும் கலந்து தொலைத்துவிட்டார்கள். "அதனால பேரையும் அப்பா பேரையும் சேர்த்து வெச்சு இணையுங்க" என்றார் சார். "ஒவ்வொரு கட்டளைக்கு அப்புறமும் வரியை எண்ணுங்க. வரி கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு."

கோப்பைத் திறந்ததும் தமிழ்ப் பெயரெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அதைச் சரிசெய்யவே ஒரு நாள் போயிற்று. மறுநாள் இணைக்கும் கட்டளையைப் போட்டேன். சிவப்பு வரவில்லை. வரியை எண்ணச் சொன்னேன். அறுநூற்று ஐம்பத்தேழு.

நாற்பத்தாறு கூடுதல். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்சவேணிக்கு இன்னும் பெயரே கட்டத்திலிருந்து வெளியே வரவில்லை, அவளைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. போன வாரம் படித்த பாடம் ஞாபகம் வந்தது: ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை நீக்கு. முகாம் வரிசை எண் ஒன்றுக்கு ஒரு வரி மட்டும், முதலில் வருவது நிற்கட்டும், மீதி போகட்டும் என்று கட்டளை எழுதினேன். என்டர். எண்ணினேன்.

அறுநூற்றுப் பதினொன்று.

சார் பின்னால் வந்து நின்று திரையைக் குனிந்து பார்த்தார். "அறுநூத்திப் பதினொண்ணு. கரெக்ட்." பிறகு வகுப்பைப் பார்த்து, முதல் ஆளாக முடித்தது பொன்னாயி என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் எனக்குத் தூக்கமே வரவில்லை. வளைவுக்கு வளைவு சிரித்துக்கொண்டே மேலே ஏறினேன்.

அந்த நாற்பத்தாறு வரிகள் யாருடையவை என்று நான் பார்க்கவில்லை. காட்டச் சொல்லியிருந்தால் அந்த மென்பொருள் ஒரு நிமிஷத்தில் காட்டியிருக்கும். நாம் கேட்காததை அது சொல்லாது.

எங்கள் பிள்ளைகள் செய்தது என்று சார் அந்தக் கோப்பைப் பெருமையாகத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினார். அவர்களுக்கு ஆள் பற்றாக்குறை. அதை அப்படியே எடுத்து அட்டை அச்சடித்துவிட்டார்கள். குறை இல்லாதவர்களுக்குப் பச்சை, இருப்பவர்களுக்கு மஞ்சள். தை மாசம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வளர்மதி நர்ஸ் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். எனக்குப் பச்சை. அக்காவுக்கும் பச்சை.

அந்த அட்டையை நம்பித்தான் அக்காவின் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை தமிழ்செல்வன், குண்டூர் நாட்டுக்காரர், அன்னாசிப் பழம் ஏற்றும் வேன் ஓட்டுபவர். அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. வேன் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்குப் போவாள். அவர் தன் மஞ்சள் அட்டையை ஒளிக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே எடுத்து அக்காவின் அம்மாவிடம், என் பெரியம்மாவிடம், காட்டினார். பெரியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலம்மாள் அத்தையின் மகனைக் கடைசியாகக் குளிப்பாட்டிய கைகளில் அவள் கையும் ஒன்று.

"எம்புள்ளைக்குப் பச்சைங்க. ரெண்டுல ஒண்ணு பச்சையா இருந்தா பயமில்லைன்னு நர்ஸம்மா சொல்லுது. இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்குது" என்றாள்.

அக்கா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "கண்ணு, அந்த லிஸ்ட்டு நீதான போட்டே? சரியா இருக்குமா?"

"ஒரு வரி தப்பு கிடையாதுக்கா. நானே எண்ணிப் பார்த்தேன்" என்றேன்.

உள்ளே வந்து அதையே இரண்டு வீட்டுப் பெரியவர்கள் முன்னாலும் சொன்னேன். கம்ப்யூட்டரில் போட்டது, அறுநூற்றுப் பதினொரு பேரும் சரி என்று சொன்னேன். சொன்னபோது எனக்கு இருந்த மிதப்பை நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா, "படிச்ச புள்ள சொல்லுது, அப்புறம் என்னங்க" என்றார். வைகாசியில் கல்யாணம் முடிந்தது. கார்த்திகையில் அக்காவுக்கு நாலாம் மாசம்.

அதே கார்த்திகையில், மூன்றாம் வருஷத் திட்டக் கட்டுரைக்கு நான் அந்தக் கோப்பைத்தான் எடுத்தேன். தெரிந்த கோப்பு, வேலை சுலபம் என்று நினைப்பு. முதல் அட்டவணை சின்னது: குறை உள்ளவர்கள் எத்தனை பேர், இல்லாதவர்கள் எத்தனை பேர். ஆய்வகக் கோப்பில் எண்ணினால் எழுபத்தொரு பேருக்கு உண்டு. நான் இணைத்த கோப்பில் எண்ணினால் அறுபத்தெட்டு.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. மொத்தம் இரண்டிலும் அதே அறுநூற்றுப் பதினொன்று. மூன்று பேர் குறையோடு உள்ளே போய், குறை இல்லாமல் வெளியே வந்திருந்தார்கள்.

பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். அறுநூற்று ஐம்பத்தேழு வந்த இடத்தில் நிறுத்தி, இந்த முறை கேட்டேன்: ஒரே பெயரும் ஒரே அப்பா பெயரும் இரண்டு தடவை வருவது எவை?

இருபத்துமூன்று ஜோடிகள் வந்தன. ராசு, தகப்பன் சின்னுசாமி. இரண்டு பேர். அத்தாயி, தகப்பன் ராசு. இரண்டு பேர். எல்லாம் எங்கள் மலைப் பெயர்கள். ஒரே ஆள் இரண்டு முறை வந்ததல்ல, இரண்டு ஆட்கள். பெயரை வைத்து இணைத்தபோது முதலாமவருக்கு இரண்டு விடை, இரண்டாமவருக்கும் அதே இரண்டு விடை ஒட்டிக்கொண்டது. நான் முதலில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்திருந்தேன். ஆக, இரண்டு பேருக்கும் ஒருவருடைய விடையே. இன்னொருவருடைய ரத்தம் கோப்பிலேயே இல்லை.

பதினெட்டு ஜோடிகளுக்கு இரண்டு விடையும் ஒன்றாகவே இருந்தன, பாதகமில்லை. ஐந்து ஜோடிகளுக்கு வேறு வேறு. அந்த ஐந்தையும் தனியே எடுத்தேன். மூன்றாவது ஜோடி: பொன்னாயி, தகப்பன் செல்லமுத்து. முதல் வரி: இல்லை. இரண்டாவது வரி: உண்டு.

எனக்கு அழுகை வரவில்லை. உலகத்தில் வேறு யார் இந்தத் தப்பைச் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். சென்னையில் பிறந்த ஒருத்திக்கு ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள் என்று தோன்றாமல் போகலாம். நான் பிறந்ததிலிருந்து அந்த இரண்டு பேரில் ஒருத்தி.

அம்சவேணி என் திரையை எட்டிப் பார்த்தாள். கேலி பேச வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். "இதுல எது நீ, எது உங்கக்கா?" என்று கேட்டாள்.

"தெரியலை" என்றேன். ஆய்வகக் கோப்பில் வயசு கிடையாது, ஊர் கிடையாது. இரண்டு பொன்னாயிகள், ஒருத்திக்கு உண்டு, ஒருத்திக்கு இல்லை. அவ்வளவுதான் இருந்தது.

சாரிடம் போனேன். அவர் பட்டியலை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நானும்தானேம்மா எண்ணிப் பார்த்தேன்" என்றார். அங்கேயே தொண்டு நிறுவனத்துக்கு போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, அந்தப் பத்துப் பேருக்கும் தை முகாமில் மறுபடி ரத்தம் எடுப்பார்களாம், அதுவரைக்கும் யாரிடமும் சொல்ல வேண்டாமாம், ஊரில் பயம் பரவிவிடுமாம் என்றார். அவருக்கே அது சரியாகப் படவில்லை என்று முகத்தில் தெரிந்தது. என் அக்கா அந்தப் பத்தில் ஒருத்தி என்று நான் சொல்லவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் சுகாதார நிலையத்துக்குப் போனேன். வளர்மதி நர்ஸ் தர்மபுரிப் பக்கத்துக்காரர், மலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனையை எடுப்பீர்களா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"எடுப்போம். கார்டு இருக்கறவங்களுக்கு எடுக்க மாட்டோம். உங்கக்காவுக்குக் கூட எடுக்கலை, பச்சைக் கார்டு காட்டுச்சுல்ல."

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் மஞ்சளா இருந்து, புள்ள உண்டாயிட்டா என்னங்கக்கா பண்ணுவீங்க?"

"சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். வயித்துல இருக்கற புள்ளைக்கு நோய் இருக்கா இல்லையான்னு அங்க சொல்லிருவாங்க. ஆனா அதுக்கு நாள் கணக்கு இருக்கு. அஞ்சாம் மாசம் தாண்டிட்டா ஒண்ணும் செய்ய முடியாது, பொறக்கட்டும்னு உக்காந்திருக்க வேண்டியதுதான்." பேசிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "யாருக்குக் கேக்கறே?"

"பாடத்துக்குங்க" என்றேன். கல்லுப்போல ஒரு பொய். பிறகு, "எனக்கு மறுபடி ஒருக்கா ரத்தம் எடுங்க. கட்டுரைக்கு வேணும்" என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. இருந்தாலும் எடுத்தார். கீழே அனுப்பி முடிவு வர எட்டு ஒன்பது நாளாகும், வந்தால் போன் பண்ணுகிறேன் என்றார்.

என் கணக்கு இதுதான். இரண்டு பொன்னாயிகளில் ஒருத்திக்கு உண்டு. அது நானாக இருந்தால் அக்காவுக்கு இல்லை. அவள் கையில் இருக்கும் பச்சை அட்டை சரியானதாகவே ஆகிவிடும், யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்தக் குறை இருந்தால் என்ன, ஒரு தலைவலிகூட வராது. ஒன்பது நாளும் நான் குலசாமியிடம் கேட்டது அதைத்தான். எனக்குக் கொடு, என் ரத்தத்தில் வை என்று கேட்டேன். கோயிலில் நின்று தனக்குக் கெட்டது வேண்டும் என்று கும்பிட்டவள் எங்கள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்த ஒன்பது நாளையும் நான் அக்காவிடமிருந்து திருடினேன். அதைத் தெரிந்தேதான் செய்தேன். என் வாயால் சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி இருந்தது, அது அடைபடும்வரை காத்திருந்தேன்.

அந்த வாரம் அக்கா பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். தமிழ்செல்வன் மாமா வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "பார்த்துக்க கண்ணு, ரோட்டுல இறங்கி ஓடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மூடுபனி ஒரு வாரமாக விலகவே இல்லை. காயப் போட்ட மிளகு கறுக்காமல் பூத்துப்போய்க் கிடந்தது. நான் கல்லூரியிலிருந்து வந்து இறங்கும்போது அக்கா மேல் வீட்டு வாசலில் நின்று கையை ஆட்டுவாள். நான் வேலை இருக்கிறது என்று நேரே கீழ் வீட்டுக்குள் புகுந்துவிடுவேன். பிறகு அவளே கிண்ணத்தோடு கீழே இறங்கி வருவாள். மரவள்ளிக் கிழங்கு, சாமைச் சோறு, ஏதாவது ஒன்று. என்னைத் தின்ன வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்ப்பாள்.

"ஏன் கண்ணு இளைச்சுட்டே? பரீட்சையா?"

"ம்."

"நேத்து வயித்துக்குள்ள ஏதோ புரண்டாப்புல இருந்துச்சு. இப்பவே அசையுமா? அம்மா வாயுங்குது."

கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன்.

ஒரு நாள் வேலம்மாள் அத்தை வந்தாள். பிள்ளை போனதிலிருந்து யார் வீட்டு விசேஷத்துக்கும் போகாதவள். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வயிற்றில் கை வைத்து, வெகுநேரம் அப்படியே இருந்தாள். "நல்லவேளை சாமி, இப்பல்லாம் முன்னாலயே டெஸ்ட்டு பண்ணிச் சொல்லிடறாங்க. எங்களுக்கு யாரு சொன்னா" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ கம்ப்யூட்டர்ல போட்டதாமே கண்ணு. நல்லா இரு" என்றாள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போனேன், அத்தை கிளம்பும்வரை உள்ளே வரவில்லை.

நாலில் ஒன்று என்பது பரீட்சைத் தாளில் எழுதுகிறபோது சின்ன எண். எத்தனையோ தடவை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு வயிற்றுக்குள் கால்வாசி நோவு என்று எதுவும் கிடையாது. இருந்தால் முழுசாக இருக்கும்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. கல்லூரி விடுமுறை. பதினொரு மணிக்கு நான் மேல் வீட்டில் இருந்தேன், அக்கா பிடித்து உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வளர்மதி நர்ஸ்.

"பொன்னாயி, உன் ரிசல்ட்டு வந்திருச்சு. உனக்கு ஒண்ணும் இல்லை. பழைய கார்டு கரெக்டுதான்."

"மறுபடி பாருங்கக்கா" என்றேன்.

"பார்த்துட்டேன். நீ நல்லா இருக்கே. இதுக்கு ஏன் குரலு இப்படிப் போவுது?"

போனை வைத்துவிட்டேன். தலையில் அக்காவின் விரல்கள் அப்படியே இருந்தன. "யாரு கண்ணு? என்ன சொன்னாங்க?" என்று முன்பக்கமாக வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ரத்தம் டெஸ்ட்டுக்குக் குடுத்திருந்தேன். எனக்கு ஒண்ணுமில்லையாம்."

"அதுக்கா இப்படி உக்காந்திருக்கே? என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்." அவள் முகம் மலர்ந்துவிட்டது. அடுப்படியைப் பார்த்து, "அம்மா, நம்ம சின்னவளுக்கு ரத்தத்துல ஒண்ணுமில்லையாம், சுத்தமா இருக்குதாம்" என்று குரல் கொடுத்தாள். "இரு, வாயில சர்க்கரை போடறேன்" என்று எழப்போனவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய்க் கை, வழுக்கியது. இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அக்கா, உக்காரு."

"என்ன கண்ணு?"

"அந்த லிஸ்ட்டுல நீயும் நானும் ஒரே பேரு. அப்பா பேரும் ஒண்ணு. நான் நம்ம ரெண்டு பேரையும் ஒரே ஆளா ஆக்கிட்டேன். ஒருத்தியோட ரிசல்ட்டைத்தான் ரெண்டு பேருக்கும் அட்டையில போட்டிருக்காங்க. இன்னொண்ணை நான் நீக்கிட்டேன்." நான் நினைத்திருந்ததைவிட என் குரல் தெளிவாக வந்தது. "எது என்னோடதுன்னு எனக்குத் தெரியலை. அதான் மறுபடி குடுத்தேன். பச்சைதான் என்னோடதுக்கா."

அவளுக்கு உடனே புரியவில்லை. எட்டாவது படித்தவளுக்குப் புரியும்படி இன்னொரு முறை சொல்ல வேண்டுமோ என்று நினைத்தேன். அதற்குள் அவள் கை என் பிடியிலிருந்து நழுவி வயிற்றுக்குப் போனது. அடுப்படியில் பெரியம்மா சர்க்கரை டப்பாவைத் தேடும் சத்தம் கேட்டது.

"அப்ப என்னோடது என்ன கண்ணு?" என்று கேட்டாள்.